சோதனை மாணவர்

ஜூன் 3, திங்கள்

அற்புதராஜ் சார் தன் அறையில் ஏசி போட்டு உட்காரவைத்தால் நம் தலையில் எதையோ கட்டப்போகிறார் என்று அர்த்தம். இன்று என்னையும் ரியாஸையும் உட்காரவைத்தார். ரியாஸ் எங்கள் பயிற்சி மையத்தில் ஆங்கிலம் எடுப்பவன். முப்பது வயதுக்குள் எல்லாம் தெரிந்துவிட்டவன். போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகள் எல்லாம் சென்னைக்காரர்களின் செயலிகளில் படிக்கப் போய்விட்டார்கள், தில்லைநகரில் வாடகை கொடுத்து வெறும் பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருப்பது நாம்தான் என்று சார் ஆரம்பித்தார். அதனால் நாமும் இணையப் பாடம் செய்யப்போகிறோம். சும்மா வீடியோ எடுத்துப் போடுவதல்ல. பிள்ளை நடுவிலேயே பதில் சொல்ல வேண்டும். தப்பென்றால் பாடமே அதைப் பிடித்துக் காட்ட வேண்டும். அப்படிப் பாடம் செய்வதற்கான மென்பொருள்கள் சந்தையில் கொட்டிக் கிடக்கின்றனவாம். எது நமக்குச் சரிப்படும் என்று நாங்கள் இருவரும் தனித்தனியாகப் பார்த்து ஜூலைக் கடைசியில் சொல்ல வேண்டும். யார் சொன்னது தேறுகிறதோ அவர் இணையப் பிரிவுக்குத் தலைமை.

இங்கே நான் கணக்கு எடுக்க ஆரம்பித்துப் பதினெட்டு வருஷம் ஆகிறது. இன்னும் நான் 'ரயில் சார் வைஃப்'தான். ரயில் கணக்கு என்றால் தண்டபாணி சார் என்று திருச்சி முழுக்கப் பெயர். அவர் கோபித்துக்கொண்டு வேலையை விட்டு ஒன்றரை வருஷம் ஆன பிறகும் அந்தப் பெயர் என் முதுகில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்தத் தலைமை எனக்கு வேண்டும். வெளியே சொல்லிக்கொள்ள மாட்டேன். இங்கே எழுதிக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். சிரித்தார்.

"சொல்லிக்கொடுக்கறவங்க வேற, டீச்சர் வேற மங்கை. நீ சொல்லிக்கொடுக்கறவ. உனக்கு எதுக்கு இதெல்லாம்?"

கல்யாணமான புதிதிலிருந்து கேட்டு வரும் வசனம்தான். புதிதாக ஒன்று யோசிக்கக்கூட அவருக்குச் சோம்பல்.

கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆளிடம், நாங்கள் பதியவே இல்லை என்று சண்டை போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார். பதிந்ததே அவர்தான். ராத்திரிக்குக் கரண்ட் அடுப்பில் உப்புமா.

ஜூன் 6, வியாழன்

தேடித் தேடிக் கடைசியில் மூன்றில் வந்து நிற்கிறேன். அவற்றின் பெயர்கள் வாயில் நுழையவில்லை. நானே பெயர் வைத்துவிட்டேன்.

ஒன்று சினிமா. ஆசிரியரைப் படம்பிடித்துப் போட்டு, நடுநடுவே நிறுத்திக் கேள்வி கேட்கும். ரியாஸுக்கு இதுதான் பிடித்திருக்கிறது என்று கேள்வி. பிடிக்காதா பின்னே, அவன் முகம் நன்றாக வரும். இரண்டாவது சீட்டுக்கட்டு. பாடம் அட்டை அட்டையாக வரும். விடையை இழுத்துப் பொருத்தலாம், புரட்டிப் பார்க்கலாம். ஆனால் தமிழில் அடித்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சிதறுகிறது. நம்மை நினைத்துச் செய்த பொருளில்லை அது. மூன்றாவதை இன்னும் திறந்து பார்க்கவில்லை.

யாரிடம் சோதித்துப் பார்ப்பது என்பதுதான் பிரச்சினை. எங்கள் மையத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதுப்பாடம் எதுவானாலும் முதலில் கடைசி பெஞ்சில் நடத்திப் பார்ப்போம். அங்கே ஏறினால் எங்கேயும் ஏறும். ஆனால் இந்த விஷயம் வெளியே கசிந்தால் எதிர்த் தெரு மையத்துக்காரன் முந்திக்கொள்வான், பிள்ளைகளிடம் மூச்சு விடக் கூடாது என்று சார் சொல்லிவிட்டார். கடைசி பெஞ்சுக்கு நான் எங்கே போவேன்?

வீட்டில் ஒருவர் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு சும்மாதான் உட்கார்ந்திருக்கிறார்.

ஜூன் 9, ஞாயிறு

ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, வியர்த்து வழிந்துகொண்டு, சீட்டுக்கட்டில் போட்டுப் பார்க்க ரயில் கணக்குக்குக் குரல் பதிவு செய்தேன். விடை தப்பானால் பாடம் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் பதிய வேண்டும். 'தவறு' என்று ஒரே வார்த்தையில் முடித்தேன். கேட்டுப் பார்த்தால் எனக்கே அடி விழுந்தது போல இருந்தது. 'பரவாயில்லை, மறுபடியும் பார்க்கலாமா?' என்று மாற்றினேன். அப்படி ஒரு குரல் என் தொண்டையில் இருப்பது எனக்கே இன்றுதான் தெரியும்.

அவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "யாரு அது, கரகரன்னு? நீயா? பசங்க எந்திரிச்சு ஓடிருவாங்க" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டேன். எனக்கு அவரிடம் காரியம் ஆக வேண்டும்.

ஒரு மக்குப் பையன் மாதிரி நடித்துக் காட்ட முடியுமா, எங்கெங்கே தப்பு வரும் என்று எனக்குத் தெரிய வேண்டும் என்று கேட்டேன். தான் பார்க்காத மக்கா என்று கணினி முன்னால் உட்கார்ந்தார். ரயிலின் நீளம் 150 மீட்டர், நடைமேடை 250 மீட்டர், வேகம் நொடிக்கு 20 மீட்டர். நடைமேடையைக் கடக்க எவ்வளவு நேரம்? ரயிலையும் நடைமேடையையும் கூட்டி, வேகத்தால் வகுக்க வேண்டும். இருபது நொடி. மக்குகள் நடைமேடையை மறந்துவிட்டு ஏழரை என்பார்கள். "பிளாட்பாரத்தை யாருடா கூட்டுவா, உங்கப்பனா?" என்று இந்த ஏழரைக்காகவே சாக்பீஸை வீசியடித்தவர் இவர்.

இன்று அவரே ஏழரை என்று போட்டார். பாடம் பரவாயில்லை என்றது. மறுபடியும் ஏழரை. சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு, உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, விடை என் முகத்தில் எழுதியிருப்பது போலத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கடைசி பெஞ்சே எழுந்து வந்து உட்கார்ந்தது போல இருந்தது. நாடகக் கம்பெனிக்குப் போயிருக்க வேண்டிய ஆள். நான் ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வேஷத்தைக் கலைக்காமலே எழுந்து போய்விட்டார்.

ஜூன் 10, திங்கள்

மோட்டாரைப் போட்டுவிட்டு நிறுத்தவில்லை. மேல்தொட்டி வழிந்து மாடிப்படியெல்லாம் தண்ணீர். போட்டதே நான்தானாம்.

ஜூன் 15, சனி

சினிமாவை அவருக்குப் போட்டுக் காட்டினேன். நான் ஸ்பேனரும் துணியுமாக ஒழுகும் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் ஆரம்பத்தில் நான் வணக்கம் சொல்லும் இடத்தையே திருப்பித் திருப்பி ஓட்டிக்கொண்டிருக்கிறார். கேள்வி வரும் இடத்துக்குப் போகவே இல்லை. ஏன் என்றேன். "இப்பதானே ஆரம்பிச்சேன்" என்றார்.

மக்குப் பையன் நிஜமாகவே அப்படித்தான் செய்வான். கவனம் நிற்காது, ஆரம்பித்ததையே ஆரம்பிப்பான். சினிமா தேறாது என்று குறித்துக்கொண்டேன். சீட்டுக்கட்டு முன்பே போயிற்று.

ஜூன் 18, செவ்வாய்

ஆசிரியர் அறையில் ரியாஸ் தேநீரோடு வந்து எதிரில் உட்கார்ந்தான். பேச்சுவாக்கில், வீட்டில் சாரை வைத்துத்தான் சோதிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவன் முகம் மாறியது.

"சாரை வச்சா மேடம் டெஸ்ட் பண்றீங்க? சார் கடைசில இங்க கிளாஸ் எடுக்கறப்பவே..."

"கிளாஸ் எடுக்கறப்பவே என்ன?"

ஒன்றுமில்லை என்று தேநீரைக் குடித்தான். எனக்குத் தெரியாதா. ஒரே பாடத்தை அடுத்தடுத்த நாளில் நடத்தினார் என்று பிள்ளைகள் போய்ப் புகார் சொன்னார்கள். பிள்ளைகளாகவா போவார்கள், யாரோ தூண்டிவிட்டிருக்கிறார்கள். அற்புதராஜ் சார் கூப்பிட்டுக் கேட்டார். இவர் சாவியையும் சாக்பீஸ் டப்பாவையும் மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டார். ஒரு பாடத்தை இரண்டு தரம் நடத்தினால் குடியா முழுகிப்போகும்? அதற்கு ரோஷப்பட்டு வேலையை விடுவாரா ஒரு மனுஷன்? சார், இவர், இரண்டு பேர் மேலும் எனக்கு ஆத்திரம்தான்.

ஜூன் 22, சனி

இன்று நடிப்பு வேண்டாம் என்றேன். நன்றாகத் தெரிந்தவருக்குப் பாடம் முடிய எவ்வளவு நேரமாகும் என்று அற்புதராஜ் சாருக்குச் சொல்ல வேண்டும், சரியாகவே போடுங்கள் என்றேன். தலையாட்டினார். உட்கார்ந்தார். ஏழரை.

விளையாடாதீங்க என்றேன். மறுபடியும் ஏழரை.

"நீதானே மக்கு மாதிரி செய்யச் சொன்னே?"

"அது அன்னிக்கு. இன்னிக்குச் சரியா போடச் சொன்னேன்."

"சரியாத்தான் போடறேன். உன் பாடம் தப்பு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ரயில் கணக்கில் ஊரையே கட்டி ஆண்டவர் நடைமேடையைக் கூட்ட மறப்பாரா? கேட்பவன் கேணையன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் தலைமைக்கு வரக் கூடாது, அவ்வளவுதான். எனக்கு ராமநாதபுரத்தில் அரசுப் பள்ளி வேலை கிடைத்தபோதும் இப்படித்தான். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிளம்பும் வாரத்தில் சரியாகச் சாப்பிடாமல், பேசாமல், குழந்தையின் பால் புட்டியைக்கூடக் கழுவத் தெரியாதவர் போல உட்கார்ந்திருந்தார். நான் போகவில்லை. வேலை வேறு யாருக்கோ போயிற்று. அன்றைக்கு வேலை செய்த மருந்து இன்றைக்கும் செய்யும் என்று பார்க்கிறார்.

எல்லாவற்றையும் சொல்லிக் கத்தினேன். அவர் விசைப்பலகையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதுவும் நடிப்புதான்.

ஜூன் 23, ஞாயிறு

வீட்டில் பேச்சில்லை. சாம்பாரில் உப்புப் போட மறந்திருக்கிறேன். ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனார். முன்பெல்லாம் உப்பு ஒரு சிட்டிகை குறைந்தால் தெருவுக்கே கேட்கும்.

ஜூன் 30, ஞாயிறு

பெங்களூரிலிருந்து சங்கமித்ரா பேசினாள். என் பெண். அப்பனிடம் ஒன்று, என்னிடம் ஒன்று பேசுகிறவளில்லை, நேராகச் சொல்லிவிடுவாள்.

"அம்மா, அப்பா எனக்கு ஒரே நாள்ல மூணு தடவை போன் பண்ணி எப்ப வர்றேன்னு கேக்கறாரு. ஒவ்வொரு தடவையும் அப்பதான் முதல்ல கேக்கற மாதிரி கேக்கறாரு. டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிரலாம்மா."

"உங்கப்பாவுக்கு வந்திருக்கறது பொறாமை. அதுக்கு டாக்டர் கிடையாது."

அவள் அதோடு அப்பா பேச்சை விட்டாள். பிறகு, நீயும் கொஞ்சம் ஓய்வெடும்மா என்றாள். எனக்கு என்ன வந்தது ஓய்வெடுக்க? வைத்துவிட்டேன். இட்லி மாவு பொங்கி வழிந்து சமையல் மேடையெல்லாம் ஒட்டியிருந்தது. சுரண்டிச் சுரண்டிக் கழுவினேன்.

ஜூலை 4, வியாழன்

மூன்றாவது மென்பொருளைக் கடைசியில் திறந்தேன். இத்தனை நாள் இதை ஏன் ஒதுக்கி வைத்தேனோ. தமிழ் பிசகாமல் வருகிறது. என் குரலைப் போட்டால் தெளிவாகக் கேட்கிறது. யார், எந்தப் பக்கத்தில், என்ன விடை போட்டார்கள் என்று ஆசிரியர் தன் பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும்விட, சரியான விடை போடும் வரை அடுத்த பக்கம் திறக்கவே திறக்காது. தாண்டிப் போக வழியில்லை, ஏமாற்ற வழியில்லை. இதற்குப் பூட்டு என்று பெயர் வைத்தேன்.

அற்புதராஜ் சாருக்கு உடனே இரண்டு பக்கம் எழுதி அனுப்பிவிட்டேன். 'தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள இதில் இடமில்லை' என்று ஒரு வரி எழுதினேன். நன்றாக அமைந்துவிட்டது.

தெரிந்ததைத் தெரியாததாகக் காட்டிக்கொள்ளவும் இதில் இடமில்லை. அதை எழுதவில்லை. அவரை உட்காரவைக்கும்போது பார்த்துக்கொள்கிறேன். எவ்வளவு நேரம்தான் நடிப்பார்?

ஜூலை 8, திங்கள்

இன்று எழுத முடியாது.

ஜூலை 9, செவ்வாய்

எழுதாமல் விட்டால் நாளைக்கு எனக்குச் சாதகமாக ஞாபகம் வைத்துக்கொள்வேன். அதனால் எழுதுகிறேன்.

நேற்றுக் காலை வேலைக்குக் கிளம்பும் முன் பூட்டைத் திறந்து, ரயில் கணக்கைப் போட்டு, அவரை நாற்காலியில் உட்காரவைத்தேன். "நான் வர்றதுக்குள்ள முடிச்சிருக்கணும். முடிக்காம எந்திரிக்கக் கூடாது" என்றேன். பிள்ளைகளிடம் பேசும் குரல்கூட இல்லை அது. பிள்ளைகளிடம் நான் அப்படிப் பேசுவதில்லை. சாப்பாட்டைத் தட்டுப் போட்டு மூடிவைத்துவிட்டுப் போனேன். சாயங்காலம் இன்னொரு வகுப்பு சேர்ந்துகொண்டது. வரும் வழியில் வெண்டைக்காய் மலிவாக இருந்தது, நின்று பொறுக்கி வாங்கினேன். அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைக்கும் நேரம் தாண்டியிருந்தது. விளக்கு போடவில்லை. கூடத்தில் கணினித் திரையின் வெளிச்சம் மட்டும் இருந்தது. அவர் நான் உட்காரவைத்த அதே இடத்தில், முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டின் மேல் போட்ட தட்டு போட்டபடி இருந்தது. வேட்டி நனைந்திருந்தது. நாற்காலிக்குக் கீழே ஈரம்.

கணினி பேசிக்கொண்டிருந்தது. என் குரல். 'பரவாயில்லை, மறுபடியும் பார்க்கலாமா?'

"அடுத்த பக்கம் போக விடமாட்டேங்குது மங்கை" என்றார். "முடிக்காம எந்திரிக்கக் கூடாதுன்னே."

நான் விளக்கைப் போட்டேன். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்:

"நான் நடிக்கல மங்கை. அன்னிக்கும் நடிக்கல. நீ சிரிச்சே, அதான் சொல்லல."

இந்த மனிதர் எனக்குத் தெரிந்து யார் முன்னாலும் தலை குனிந்ததில்லை. என் முன்னால் குனிந்து நான் பார்க்க வேண்டும் என்று எத்தனையோ வருஷம் ஆசைப்பட்டிருக்கிறேன். பார்த்தாயிற்று.

குளியலறைக்குக் கூட்டிப்போய், வெந்நீர் விட்டு, வேறு வேட்டி கட்டிவிட்டேன். குழந்தை போல நின்றார். ரசம் சாதம் பிசைந்து கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போனார். பிறகு கூடத்தைக் கழுவிவிட்டேன். கழுவி முடித்துவிட்டு, ஆசிரியருக்கான பக்கத்தைத் திறந்தேன். நான்தானே அதை மெச்சிக்கொண்டேன், எல்லா விடையையும் காட்டுகிறது என்று. ஏழரை, ஏழரை, ஏழரை. இறங்க இறங்கத் தீரவில்லை. நடுவில் சில இடத்தில் 150 என்றும் 250 என்றும் வெறுமனே போட்டிருக்கிறார். எங்காவது இரண்டையும் கூட்டியிருப்பாரா என்று தேடினேன். கூட்டவே இல்லை. மத்தியானத்துக்கு மேல் எண்ணுக்குப் பதிலாகத் 'தண்டபாணி' என்று தன் பெயரை அடித்துப் பார்த்திருக்கிறார். பெயரைச் சொன்னால் எந்தக் கதவும் திறந்த ஊரில் இருந்து பழகியவர்.

அதற்கும் பரவாயில்லை என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

வெண்டைக்காய் பைக்குள்ளேயே கிடந்து வதங்கிவிட்டது.

ஜூலை 15, திங்கள்

சங்கமித்ரா வந்திருக்கிறாள். நரம்பு மருத்துவரிடம் போனோம். கடிகாரம் வரையச் சொன்னார். இவர் எல்லா எண்ணையும் ஒரே பக்கத்தில் நெருக்கி எழுதிவிட்டு, மீதி இடத்தை என்ன செய்வதென்று தெரியாமல் பேனாவை மூடினார். தலையைப் படமெடுத்தார்கள். மருத்துவர் அந்த நோயின் பெயரைச் சொன்னார். அதை இங்கே எழுதப்போவதில்லை. மாத்திரை நோயை நிறுத்தாது, கொஞ்சம் மெதுவாக்கும் என்றார்.

எவ்வளவு நாளாக இப்படி இருக்கிறார் என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எப்போதிலிருந்து அவரைத் திட்டிக்கொண்டிருக்கிறேன் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். என் பெண் என் கையைப் பிடிக்க வந்தாள். கைப்பையைத் துழாவுவது போலக் கையை எடுத்துக்கொண்டேன்.

நான் அழவில்லை. வரும் வழியில் அவருக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தோம். இன்றைக்கு என்ன விசேஷம் என்று கேட்டார்.

ஜூலை 17, புதன்

மருத்துவமனைக்குப் போனது எப்படியோ ரியாஸுக்குத் தெரிந்துவிட்டது. மாடிப்படியில் நிறுத்தினான்.

"சார் சில நேரம் போர்டு முன்னாடி அப்படியே நின்னுருவாரு மேடம். பசங்க சிரிக்க ஆரம்பிக்கறதுக்குள்ள நான் போய் பெல் அடிக்கச் சொல்லிருவேன். உங்ககிட்ட சொல்லணும்னு நிறைய தடவை நினைச்சேன். நீங்க கோபப்படுவீங்கன்னு..."

அவன் மேல் கோபப்பட ஏதாவது அகப்படுமா என்று தேடிப் பார்த்தேன். அகப்படவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. ரியாஸுக்குத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியும், மணி அடிக்கிறவருக்குக்கூடத் தெரியும். ஒரே கூரையின் கீழ் ஒரே சட்டியில் சமைத்துப் போட்டவளுக்கு மட்டும் அது பொறாமையாகத் தெரிந்திருக்கிறது.

ஜூலை 26, வெள்ளி

மறுபடியும் ஏசி அறை. ரியாஸ் சினிமாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு விலகிக்கொண்டான். விட்டுக்கொடுக்கிறான் என்று புரிந்தது. அதையும் விழுங்கிக்கொண்டேன்.

என் முறை வந்தது. பூட்டு நல்ல மென்பொருள்தான், ஆனால் பூட்டைக் கழற்றிவிட்டு வாங்க வேண்டும் என்றேன். அதில் அப்படி ஓர் அமைப்பு இருக்கிறது. மூன்று தரம் தப்பானால் பாடமே வழியைச் சொல்லிக்கொடுத்து அடுத்த பக்கத்தைத் திறந்துவிடும். தெரியாதவனை ஒரே கதவின் முன்னால் நிறுத்திவைத்தால் அவனுக்குக் கணக்கு வராது, பயம்தான் வரும் என்றேன். இவ்வளவு பேசி எனக்குப் பழக்கமில்லை.

அற்புதராஜ் சார் நான் எழுதி அனுப்பிய இரண்டு பக்கத்தை எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "'தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள இதில் இடமில்லை.' நீங்க எழுதினதுதானே மேடம்? இதைவிட நல்லா யாரும் எழுத முடியாது. இதையே விளம்பரத்துல போடப்போறேன். காசு கட்டற பெத்தவங்களுக்கு இதுதான் வேணும். பூட்டு இருக்கட்டும்."

இன்னொரு தரம் சொன்னேன். இருக்கட்டும் என்று இன்னொரு தரம் சொன்னார். அப்புறம் கையை நீட்டி, இணையப் பிரிவுத் தலைவர் என்று வாழ்த்தினார்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளை நினைத்தேன் என்று எழுதினால் கௌரவமாக இருக்கும். உண்மை அதுவல்ல. அந்தப் பதவி எனக்கு வேண்டியிருந்தது, அப்போதும். கையைக் கொடுத்தேன். தலைமை என்றால் அமைப்பை மாற்றும் உரிமையும் என் கையில் வரும், பிறகு மெதுவாகக் கழற்றிவிடலாம் என்று ஒரு கணக்கு. சாயங்காலம் பார்த்தால் அந்த உரிமையைச் சார் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார்.

அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். "ரயில் சார் வைஃப்னா சும்மாவா" என்று யாரோ சொன்னார்கள்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

பால்காரருக்கு, இஸ்திரி போடுபவருக்கு, கீழ்வீட்டுக்காரர்களுக்கு என் கைபேசி எண்ணைக் கொடுத்துவைத்தேன். கேஸ் அடுப்புக்கு வெளியிலிருந்து மூடும் வால்வு வைத்தாயிற்று. சங்கமித்ரா ஊருக்குப் போய்விட்டாள்.

வீட்டுக் கணினியில் இருக்கும் சோதனைப் பாடம் என் பெயரில் இருக்கிறது. அதில் மட்டும் பூட்டை எடுத்துவிட்டேன். இந்த ஊரில் பூட்டில்லாத பாடம் அது ஒன்றுதான்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

காலையில் காபி குடித்ததும் அவரே போய்க் கணினி முன்னால் உட்கார்ந்துகொள்கிறார். யாரும் சொல்ல வேண்டியதில்லை. துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, தலையை வாரிக்கொண்டுதான் உட்காருவார். அவர் வகுப்புக்குப் போகிறாரா, வகுப்பு எடுக்கப் போகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்பதில்லை.

இன்று நான் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஏழரை என்று போட்டார். பரவாயில்லை என்றது. மறுபடி போட்டார். மூன்றாவது தரத்துக்குப் பிறகு பாடம் ரயிலையும் நடைமேடையையும் ஒட்டிக் காட்டி, இரண்டையும் கூட்டி, இருபது என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்கு விட்டது. அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம். என்னைப் பார்த்துத் திரும்பினார்.

"மங்கை, இந்த அம்மா யாருன்னு விசாரி. என்ன பொறுமை பாரு. எத்தனை தடவை தப்பா போட்டாலும் ஒரு வார்த்தை கடிஞ்சு சொல்லல. இப்படி ஒருத்தரை நான் சர்வீஸ்ல பாத்ததில்ல. அற்புதராஜ்கிட்ட சொல்லி நம்ம சென்டர்ல சேத்துக்கச் சொல்லு."

"சொல்றேங்க."

"நீயும்தான் இருக்கியே. எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுந்துகிட்டு. கொஞ்சம் இவங்ககிட்ட உக்காந்து கத்துக்க."

கீரைக்குள் ஒரு புழு இருந்தது. எடுத்துப் போட்டேன். அது என் குரல்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் நம்ப மாட்டார். நம்பினாலும் நாளைக்கு மறந்துவிடும். மறக்காவிட்டால் அவருக்கு அந்த அம்மாளும் போய்விடுவாள், மிச்சம் நான் மட்டும்தான் இருப்பேன். சரிங்க, கத்துக்கறேன் என்றேன்.

அவர் திரும்பிக்கொண்டார். பாடத்தை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். ரயிலின் நீளம் 150 மீட்டர். ஏழரை என்று அடித்தார்.

'பரவாயில்லை, மறுபடியும் பார்க்கலாமா?' என்றேன் கணினிக்குள்ளிருந்து.

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கைகளை மடியில் சேர்த்து வைத்துக்கொண்டார்.

"பாக்கலாம் டீச்சர்" என்றார்.